கடை, கட்டடம், கூலி, கணக்கு: வேலூர் வட்டாரத்தில் தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கடையை வாடகைக்கு விடுவோர், ஷெட் போட நிலம் தேடுவோர், பத்துப் பதினைந்து ஆள் வைத்துத் தொழில் செய்வோர் ஆகியோருக்கான பதில்கள் இவை. தொழிலாளர் சட்டங்களில் பெரிய மாற்றம் வந்திருப்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2025 நவம்பர் 21 முதல் ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்ற நான்கு சட்டத் தொகுப்புகள் 29 பழைய மத்தியச் சட்டங்களின் இடத்துக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்கள் (கடைகள் நிறுவனங்கள் சட்டம், நிரந்தரத் தகுதிச் சட்டம், விடுமுறைச் சட்டம்) தனியே தொடர்கின்றன.

தாய்ப்பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருக்கிறது. திருத்த வேண்டுமா?

வேண்டாம். 1989-ல் வட ஆற்காடு இரண்டானது. அதில் வேலூர்ப் பகுதி 2019-ல் மூன்றானது. மாவட்டப் பெயர் மாறியதால் யாருடைய உரிமையும் போகாது. புதிய பத்திரத்தில் "முன்பு வட ஆற்காடு, பிறகு வேலூர், தற்போது ராணிப்பேட்டை மாவட்டம்" என்று தொடர்ச்சி காட்டி எழுதினால் போதும்.

சிக்கல் வருவது வில்லங்கச் சான்றில்தான். கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும். இப்போதைய அலுவலகத்தில் மட்டும் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாது. கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டு அங்கும் தேடுங்கள். பழைய சர்வே எண், யு.டி.ஆர். (நிலப் பதிவேடு மேம்பாட்டு) அளவைக்குப் பிறகு வந்த எண், உட்பிரிவு எண் மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் வாங்க முடியும்.

ஷெட் போட நிலம் வாங்குகிறேன். எதை முதலில் பார்ப்பது?

பெரும்பாலானோர் பட்டாவைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. அது மட்டும் உரிமை ஆகாது. முதலில் அ-பதிவேட்டை (கிராமத்தின் அடிப்படை நிலக் கணக்கை) எடுங்கள். நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), புறம்போக்கா, அனாதீனமா (உரிமை கோரப்படாத நிலமா), கோயில் நிலமா என்று அதில் ஒரே வரியில் தெரிந்துவிடும். பிறகு புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்து பாருங்கள். பாலாற்றுக் கரையிலும் ஏரிகளின் ஓரத்திலும் வேலி ஒரு இடத்திலும் அளவுக்கல் வேறு இடத்திலும் இருப்பது சாதாரணம்.

டி.சி. நிலம் என்று அழைக்கப்படும் பஞ்சமி நிலத்தில் தனிக் கவனம் வேண்டும். ஒதுக்கீட்டு நிபந்தனைப்படி பட்டியல் சாதியினர் அல்லாதவர் அதை வாங்க முடியாது. இடையில் நான்கு பேர் கைமாறிப் பத்திரப்பதிவும் ஆகியிருக்கும். அப்படியிருந்தும் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கட்டிய ஷெட்டுக்கு நஷ்டஈடும் கிடைக்காது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை விட, முதன்முதலில் யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதுதான் முக்கியம்.

அடுத்து வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பங்கு உண்டு. 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு, 2020-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் அந்த உரிமை இன்னும் உறுதியானது. "தங்கச்சி கேட்கமாட்டாள்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் அவர்களையும் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்யுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் குடும்பச் சொத்துகளில் பங்கீடு இஸ்லாமியச் சட்டப்படி நடக்கும். வாய்மொழியாகச் செய்த ஹிபாவும் (தானமும்) செல்லக்கூடியது. ஆகவே அதை உறுதிசெய்து எழுதிய ஆவணம் உண்டா என்று கேளுங்கள்.

பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் பதிவு நாளன்று உயிரோடு இருந்தாக வேண்டும். அவர் இறந்ததும் சாதாரணப் பவர் முடிந்துவிடும். வெறும் பவரை மட்டும் வாங்கிக்கொண்டு "சொத்து என்னுடையது" என்று சொல்ல முடியாது. 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

செலவுக் கணக்கு: கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் வருமான வரியை வாங்குபவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும். முன்பணத்தை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவர் மீது அதே அளவு தொகை அபராதமாக விழும். நிலம் நஞ்சை என்றால் கட்டடத்துக்கு முன் அனுமதி வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாததாக இருந்தால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவாகி, வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தப்பட்டதா என்று பாருங்கள்.

கடையை 11 மாத ஒப்பந்தத்தில் விட்டால் பதிவே தேவையில்லைதானே?

பாதி சரி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளரிடம் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் 11 மாதம். ஆனால் 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017-ம் ஆண்டுச் சட்டம்) வேறொன்று சொல்கிறது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் இணையவழி பதிந்து எண் வாங்க வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை அந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இதை நோட்டீஸ் அனுப்பும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

வக்பு, கோயில், அரசு, மாநகராட்சிக் கடைகளுக்கு அவற்றுக்கென்று தனி விதிகள் உண்டு. நிறுவனம் தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுக்கும் குடியிருப்பும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அதனால் ஊழியர் குடியிருப்புக்குத் தனி வாடகை ரசீது போடாதீர்கள். பணி ஆணையிலேயே "வேலை முடிந்தால் வீடும் முடியும்" என்று எழுதுங்கள்.

எத்தனை மாத அட்வான்ஸ் வாங்கலாம்?

ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சம். பத்து மாதம் வாங்குவது இங்கே வழக்கம். அப்படியென்றால் தொகையை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயரும் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் பிறகு சண்டையில்லை.

வாடகை தரவில்லை. பூட்டுப் போட்டால் என்ன? கரண்ட்டைத் துண்டித்தால்?

இரண்டையும் செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. பூட்டுப் போட்டால் பாக்கிக்காரர் வாதியாகவும் நீங்கள் பிரதிவாதியாகவும் மாறிவிடுவீர்கள்.

சரியான வழி இது: இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்ததும், எந்தெந்த மாதம், எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்தைக் கெடுத்தது, இடித்துக் கட்ட வேண்டியிருப்பது, எழுத்து ஒப்பந்தம் போட மறுப்பது ஆகியவையும் காரணங்களாகும். இடையில் "சரி, பாதி கொடு" என்று ரொக்கமாக வாங்கி ரசீது தராமல் விட்டால் பாக்கிக் கணக்கே குழம்பிவிடும். வாடகையை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள்.

உற்பத்திக்கு விட்ட கட்டடத்தில் இன்னொரு கண்ணி உண்டு. நோட்டீஸ் காலத்தை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், சொத்து மாற்றுச் சட்டம் உற்பத்திக் குத்தகையை ஆண்டுக் குத்தகையாக எண்ணி ஆறு மாத நோட்டீஸ் கேட்கும். மற்றவற்றுக்கு 15 நாள். ஷூ அப்பர் யூனிட்டுக்கு விடுபவர்கள் "இரு தரப்பும் இத்தனை நாள் நோட்டீஸ்" என்ற ஒரு வரியை விடக் கூடாது.

பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் கடை வாடகைதாரருக்கே சொந்தமாகிவிடுமா?

ஆகாது. 12 ஆண்டு அனுபோகம் என்பது உரிமையாளரை எதிர்த்து, வெளிப்படையாக, தன் சொத்தாக வைத்திருப்பவருக்கு. வாடகைதாரர் உங்கள் அனுமதியில் இருப்பவர். வாடகைக்கு வந்த நாளில் உங்களுக்கிருந்த உரிமையை அவர் மறுக்கவே முடியாது. வாடகை ரசீது கையில் இருக்கும்வரை கவலையில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது, சொந்தக்காரர் என்று வாடகையில்லாமல் உட்காரவைத்து ஒரு எழுத்தும் வாங்காத இடங்களுக்குத்தான்.

ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டை "லீசுக்கு" விடுகிறேன். இதற்கும் வாடகை ஒப்பந்தம்தானா?

இல்லை. மொத்தத் தொகை வாங்கி, வாடகையில்லாமல் அனுபவிக்கவிட்டு, காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது சட்டத்தின் பார்வையில் போக்கியம், அதாவது அனுபவ அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் போக்கியத்தையும் பதிவு செய்தாக வேண்டும். சாதாரண முத்திரைத்தாளில் "லீஸ் அக்ரிமென்ட்" என்று எழுதி வைத்துக்கொண்டால் பணம் கொடுத்தவருக்கு வீட்டின் மீது பிடி இருக்காது. வாங்கியவருக்கோ ரொக்க வரம்பு மீறல் சிக்கல்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கு அறை விடுகிறேன். நான் வாடகைக்காரனா, லாட்ஜ்காரனா?

நாள் கணக்கில் கட்டணம் வாங்கிப் படுக்கை, துப்புரவு எல்லாம் நீங்களே பார்த்தால் அது தங்கும் விடுதி. நோயாளிக்கு வாடகைதாரர் உரிமை வராது. உங்களுக்கு மாநகராட்சித் தொழில் உரிமம், வணிகக் கட்டண மின் இணைப்பு, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் தேவை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். உள்ளீட்டு வரி வரவு கிடையாது.

வங்கதேசத்திலிருந்து வருவோர் காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் நிறையத் தங்குகிறார்கள். வெளிநாட்டவர் யார் வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் "பார்ம் சி" என்று பழகிப்போன அந்த இணையப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமல்ல, மாடியில் ஒரு அறை விடுபவருக்கும் இது பொருந்தும். பாஸ்போர்ட், விசா இரண்டையும் நகல் எடுத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள். பாதுகாப்புக்கு என்று அசலைப் பிடித்து வைப்பது தவறு.

கடை வாடகைக்கு ஜி.எஸ்.டி. யார் கட்டுவது?

வணிக வாடகைக்கு 18 சதவீதம். உரிமையாளர் பதிவு பெற்றிருந்தால் அவர் வசூலித்துக் கட்டுவார். உரிமையாளர் பதியாதவர், வாடகைதாரர் பதிந்தவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைதாரரே எதிர்முறையில் (ரிவர்ஸ் சார்ஜ்) கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள வணிகர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்கு வந்தது. "என் ஓனர் ஜி.எஸ்.டி. இல்லாதவர், எனக்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிட்ட கடைக்காரர்கள் தணிக்கையில் வட்டியோடு மாட்டுகிறார்கள். வருமான வரிப் பிடித்தம் தனி: மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் பாருங்கள்.

தோல் தொழிலுக்குக் கட்டடம் விடுகிறேன். உரிமையாளருக்கு என்ன ஆபத்து?

இந்த வட்டாரத்தில் அதிகம் எழுத வேண்டிய ஒப்பந்தம் இதுதான். மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு மட்டுமல்ல, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவும் அதில் அடங்கும். 2025 ஜனவரி 30-ல் அதே பாலாற்று விவகாரத்தில் இன்னொரு தீர்ப்பு வந்து அந்தப் பொறுப்பை மறுபடி நினைவுபடுத்தியது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொன்னால் உத்தரவு அந்த இடத்துக்கே வரும். மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. வாடகைதாரர் கிளம்பிவிடுவார், இணைப்பு இல்லாத கட்டடமும் குரோமியக் கசடும் உங்களிடம் இருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: நிறுவ இசைவு, இயக்க இசைவு இரண்டின் நகலும் சாவி கொடுக்கும் முன் தர வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நகல் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் சான்று வேண்டும். இசைவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தோல் பதப்படுத்தக் கூடாது. காலி செய்யும் முன் கசடை அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பியதற்கான ரசீது காட்ட வேண்டும். அதுவரை அட்வான்ஸ் திரும்பாது. உள்ளே வரும் நாளில் கிணற்று நீரையும் மண்ணையும் ஒருமுறை பரிசோதித்து அறிக்கையை இணைத்துவிட்டால், பழைய மாசு யாருடையது என்ற வாதம் எழாது.

கழிவுத் தொட்டியில் ஆளை இறக்கவே கூடாது. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையக் கசடுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாக்கடை, கழிவுத் தொட்டிச் சாவுக்கு இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. "கான்ட்ராக்டர்தான் இறக்கினார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

என்னிடம் ஆறு பேர்தான். எந்தச் சட்டமும் பொருந்தாது என்கிறார்கள்.

ஒருவர் இருந்தாலே குறைந்தபட்சக் கூலி, எழுத்தில் பணி ஆணை, வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் பொருந்தும். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் மாறுகிறது. பழைய கணக்கிலேயே கொடுத்துவருவதுதான் ஆய்வில் அதிகம் அகப்படும் தவறு. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. லாங்கு பஜார் ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை வைப்பது 2021 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம்.

பத்தாவது ஆள் சேர்ந்ததும் சுமை கூடும். இ.எஸ்.ஐ. (நீங்கள் 3.25, ஊழியர் 0.75 சதவீதம்; சம்பளம் 21,000 வரை), பணிக்கொடை, பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு, 2024 ஜூலையிலிருந்து கடைகள் சட்டப் பதிவு. இருபது ஆனால் பி.எஃப்., போனஸ், மின்விசையில் உற்பத்தி என்றால் தொழிற்சாலை என்ற தகுதியும் இருபதிலிருந்துதான். ஐம்பதில் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள். முந்நூறில் நிலையாணைகளும் (எழுதிச் சான்று பெற்ற பணி விதிகளும்), ஆட்குறைப்புக்கு முன் அனுமதியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ம் தேதி கெடு. இருபதாவது ஆளைப் பக்கத்துக் கடைப் பெயரில் காட்டும் பழைய வித்தை பலிப்பதில்லை. ஒரே முதலாளி, ஒரே கணக்கு, ஒரே வேலை என்றால் அதிகாரிகள் சேர்த்தே எண்ணுவார்கள்.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைப் படிகளாகக் கொடுக்கிறேன். இனி செல்லுமா?

படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே எண்ணப்படும். மொத்தம் 18,000, அடிப்படை 7,000, படிகள் 11,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி 9,000. மிஞ்சிய 2,000 ஊதியத்தில் சேர்ந்து 9,000 ஆகும். பி.எஃப்., பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் அந்த 9,000-க்கு.

முன்பணம் கொடுத்து ஆள் வைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். தவறா?

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு வேலைகளில் பழக்கம் என்பது உண்மை. முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. அந்தக் கடனைக் காட்டி ஆளை வெளியே போகவிடாமல் வைப்பதும், வேறு இடத்தில் வேலைக்குப் போவதைத் தடுப்பதும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பதும் 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடனும் அத்தோடு ரத்து. கோட்டாட்சியர் விடுதலைச் சான்று கொடுத்துவிட்டால் முன்பணத்தைக் கேட்கும் உரிமையே போய்விடும்.

கொடுத்தே ஆக வேண்டுமானால் சிறிய தொகையாக, வங்கி வழியாகக் கொடுங்கள். மாதம் எவ்வளவு கழியும் என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதி நகல் கொடுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆதார், ரேஷன் அட்டையை வாங்கி வைக்காதீர்கள். குடும்பத்தில் யார் வேலை செய்தாலும் அவரவர் பெயரில் தனிக் கூலி போடுங்கள். "ஜோடிக் கூலி" என்று கணவர் பெயரில் மட்டும் எழுதுவது முதல் சாட்சியமாகிவிடும். 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. தோல் பதனிடல் போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குக் கீழும் கூடாது.

குடியாத்தத்தில் வீடுகளுக்குப் பீடி இலை கொடுத்து வாங்குகிறேன். அவர்கள் என் ஊழியர்களா?

ஆம். வீட்டில் சுற்றினாலும் பி.எஃப். உண்டு என்பதை 1980-களிலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. இடையில் ஏஜென்ட் இருந்தாலும் பொறுப்பு பீடி பிராண்டின் சொந்தக்காரருக்கே வரும்.

திருடியவனை உடனே வேலையைவிட்டு அனுப்பலாமா?

காரணம் சரியாக இருந்தும் வழக்கில் தோற்பது இந்த இடத்தில்தான். கடைகள் சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அந்தச் சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் விசாரணை நடத்தி ஆதாரத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

என்ன நடந்தது, எந்த நாள், எவ்வளவு என்று குறிப்பிட்டுக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுங்கள். பதிலுக்கு அவகாசம் கொடுங்கள். விசாரணையைக் குற்றம் பார்த்தவரோ, நீங்களோ நடத்தாதீர்கள்; வெளியாள் ஒருவர் நடத்தட்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். ஒவ்வொரு நாள் நடவடிக்கையிலும் அவர் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதி இருவர் கையெழுத்திடட்டும். சிசிடிவிப் பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி ராஜினாமா எழுதிக்கொள்வது உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வது.

போகிறவர் எப்படிப் போனாலும், இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும்.

தற்காலிக ஆள் என்றே வைத்திருக்கிறேன். நிரந்தரம் கேட்பாரா?

தொழிற்சாலையில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்துவிட்டால் 1981-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நிரந்தரத் தகுதி வந்துவிடும். பதிவேட்டில் இடையிடையே "பிரேக்" போடுவதை நீதிமன்றங்கள் எளிதில் நம்புவதில்லை.

பணிக்கொடை எப்படிக் கணக்கிடுவது?

கடைசி அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் (மற்றப் படிகள் பாதியைத் தாண்டினால், மேலே சொன்னபடி தாண்டிய தொகையும்) சேர்ந்த தொகை × 15 ÷ 26 × ஆண்டுகள். 12,000 ரூபாய் வாங்கியவர் 8 ஆண்டு 7 மாதம் இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் 9 ஆண்டு என்று கொள்ள வேண்டும்: 62,308 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உச்சம் 20 லட்சம். ஐந்தாண்டு நிறையாவிட்டாலும், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் தகுதி உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. காலம் குறித்த ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டே போதும்.

வேலையை விட்டவர் எதிர்க்கடையில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கலாமா?

எழுதலாம், செல்லாது. வேலையில் இருக்கும்போது வெளியே வேலை செய்யாதே என்பது செல்லும். போன பிறகு வாடிக்கையாளர் பட்டியல், வடிவமைப்பு போன்ற ரகசியங்களை எடுத்துச் செல்லாதே என்பதும் செல்லும். படிப்புச் சான்றிதழ் அசலைப் பிடித்து வைப்பது வேண்டாத வம்பு.

சித்தூர் வியாபாரி கொடுத்த செக் திரும்பிவிட்டது. ஆந்திராவுக்குப் போய்த்தான் வழக்கா?

தேவையில்லை. நீங்கள் செக் போட்ட உங்கள் வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லை நீதிமன்றம். காட்பாடிக் கிளை என்றால் இங்கேயே போடலாம்.

தேதிகள்தான் எல்லாம். செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். வங்கியின் திரும்பிய மெமோ மார்ச் 3-ல் கைக்கு வந்தால், நோட்டீஸ் ஏப்ரல் 2-க்குள் போக வேண்டும். அவர் ஏப்ரல் 6-ல் பெற்றால் 15 நாள் அவகாசம் ஏப்ரல் 21-ல் முடியும். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். மே 20-ஐத் தாண்டவிடாதீர்கள். நோட்டீஸில் செக் தொகையைத் துல்லியமாகக் கேளுங்கள். பழைய பாக்கியையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். பில், டெலிவரி சலான், ஈ-வே பில் கையில் இருந்தால் "செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக்" என்ற வழக்கமான பதில் எடுபடாது.

ஆம்பூர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஜாப் வொர்க் செய்கிறேன். நான்கு மாதமாகப் பணம் வரவில்லை.

உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. எளிதாக்கல் மன்றத்தில் இணையவழியாக மனுப் போடலாம். வேலை செய்து கொடுத்த பிறகு பதிந்தால் பழைய பில்களுக்குப் பயன்படாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே முதல் பில்லுக்கு முன்பே பதிந்து, எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். வாங்கி விற்கும் வணிகருக்கு இந்த வழி கிடையாது, உற்பத்தி, சேவைக்குத்தான்.

வாங்குபவர் உரிய நாளுக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் அவர்களின் ஆடிட்டருக்கு ஒரு கடிதம் போட்டால் பல பாக்கிகள் அசையும்.

அண்ணன் தம்பி கூட்டு. பத்திரம் இருக்கிறது, பதிவில்லை. பரவாயில்லையா?

கூட்டு நடக்கும், ஆனால் பதியாத நிறுவனம் கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தத்துக்காக வெளியார் மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது. பங்காளிகளும் ஒருவர் மீது ஒருவர் ஒப்பந்த உரிமைக்காகப் போட முடியாது. உங்கள் மீது மற்றவர்கள் போடலாம். வழக்குக்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். ஒருவர் விலகும்போது வெளியேற்றப் பத்திரம் மட்டும் போதாது. பதிவாளரிடம் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுங்கள். இல்லாவிட்டால், விலகிய பிறகு கடை வாங்கிய சரக்குக்கும் அவர் பொறுப்பாவார். வங்கிக்கும் ஜி.எஸ்.டி. பதிவிலும் அதே வாரத்தில் மாற்றம் தெரிவிக்க வேண்டும்.